முதலீட்டுக் கோட்பாடுகளும் உத்திகளும்: நிதியியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலீட்டு மேலாண்மைத் தாளைப் படிக்கும் மாணவர்களில் பலருக்குச் சூத்திரங்கள் நன்றாகவே தெரியும். பீட்டாவைக் கணக்கிடச் சொன்னால் கணக்கிட்டுவிடுவார்கள். அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்று நேர்முகத் தேர்வில் கேட்டால்தான் தடுமாற்றம் வரும். ஆகவே ஒவ்வொரு கோட்பாடும் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது, எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது, எங்கே சறுக்கியது என்பதை ஒட்டியே இங்குள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன. கணக்குகளில் வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை; எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரைகள் அல்ல.

முதலீட்டுக் கோட்பாடும் முதலீட்டு உத்தியும் ஒன்றா?

அல்ல. விலையும் வருமானமும் ஏன் இவ்வாறு அமைகின்றன என்பதற்குத் தரப்படும் விளக்கமே கோட்பாடு. தரவுகளைக் கொண்டு அதைத் தவறென்று காட்ட வழியிருக்க வேண்டும். உத்தி என்பது ஒரு குறிப்பிட்ட முதலீட்டாளர் தம் காலவரம்பு, வரி, பணத்தேவை ஆகியவற்றுக்கு உட்பட்டுப் பின்பற்றும் நடைமுறை. ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் உள்ள ஆசிரியரும், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பொறியாளரும் ஒரே கோட்பாட்டை ஏற்றுக்கொண்டாலும் அவர்களுடைய முதலீட்டுத் தொகுப்புகள் ஒன்றாக இருக்க முடியாது. விடைத்தாள்களில் "எஸ்ஐபி கோட்பாடு" என்றெல்லாம் எழுதப்படுவதைக் காண்கிறோம். எஸ்ஐபி என்பது மாதந்தோறும் ஒரே தொகையை முதலீடு செய்துவரும், பணம் கட்டும் முறை. அப்படியொரு கோட்பாடு கிடையாது.

மார்கோவிட்ஸ் புதிதாக என்ன சொல்லிவிட்டார்? எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதே என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

பரவலாக்கம் நல்லது என்பது பழைய அறிவுதான். எவ்வளவு நல்லது, எப்போது பயன்படாது என்பதை அளக்க வழி இருக்கவில்லை. ஹாரி மார்கோவிட்ஸ் 1952இல் வெளியிட்ட கட்டுரை அந்த வழியைத் தந்தது. ஒரு பங்கின் இடரைத் தனியே பார்ப்பதில் பொருளில்லை, தொகுப்பிலுள்ள மற்றப் பங்குகளோடு அது எப்படிச் சேர்ந்து அசைகிறது என்பதே முக்கியம் என்பது அவருடைய வாதம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 'அ' என்ற பங்கின் எதிர்பார்க்கும் வருமானம் 14 சதவீதம், திட்ட விலக்கம் (வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு) 24 சதவீதம். 'ஆ' என்ற பங்கின் வருமானம் 10 சதவீதம், திட்ட விலக்கம் 18 சதவீதம். இரண்டிலும் பாதிப் பாதி போட்டால் வருமானம் சராசரியாக 12 சதவீதம் ஆகிறது. இதில் வியப்பு ஒன்றுமில்லை. இடரைக் கணக்கிடும்போதுதான் சுவை. இரு பங்குகளும் எந்த அளவுக்குச் சேர்ந்து அசைகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.2 என்று கொண்டால், தொகுப்பின் பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 144 + 81 + 43.2 = 268.2, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16.4. அதாவது, தொகுப்பின் இடர் இரண்டு பங்குகளில் பாதுகாப்பானதாகத் தோன்றும் 'ஆ'வின் 18 சதவீதத்தைக் காட்டிலும் குறைவு. 'ஆ'வை மட்டும் வைத்திருந்த ஒருவர், அதைவிட அதிகம் ஏறி இறங்கும் 'அ'வைச் சேர்த்துக்கொண்டதால் வருமானம் கூடி இடர் குறைந்த நிலையை அடைகிறார். ஒட்டுறவு 1 ஆக இருந்திருந்தால் இடர் 21 சதவீதமாக இருந்திருக்கும். பரவலாக்கத்தால் பயனே இல்லை. தேர்வில் இந்த மூன்றாவது உறுப்பை, அந்த 43.2ஐ, விட்டுவிடுபவர்கள் கோட்பாட்டையே விட்டுவிடுகிறார்கள் என்று பொருள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வின்போது, இது பொருளியலே அல்ல என்று மில்டன் ஃப்ரீட்மன் வாதிட்டதை மார்கோவிட்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆய்வுக்கே 1990இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

தொகுப்பில் எத்தனை பங்குகள் இருந்தால் போதும்?

ஒவ்வொரு பங்கின் திட்ட விலக்கமும் 40 சதவீதம், எந்த இரு பங்குகளுக்கு இடையேயும் ஒட்டுறவு 0.25 என்று கொள்வோம். ஒரே பங்கு என்றால் இடர் 40. சம அளவில் 20 பங்குகள் வைத்தால் ஏறத்தாழ 21.4. நூறு பங்குகள் வைத்தால் 20.3. எத்தனை ஆயிரம் பங்குகளைச் சேர்த்தாலும் 20க்குக் கீழே இறங்காது. இறங்கிவிட்ட பகுதி தனிநிறுவன இடர். இறங்க மறுக்கும் அந்த 20தான் சந்தை இடர்.

இந்தக் கணக்கில் ஒட்டுறவு நிலையானது என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. நெருக்கடிக் காலத்தில் அது நிலைப்பதில்லை. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தபோது வங்கி, வாகனம், உலோகம் என்று துறை பார்த்துப் பிரித்து வைத்திருந்தவர்களுக்கும் அடிதான். பரவலாக்கம் மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது மிகக் குறைவாக உதவுகிறது.

இடர் என்றால் திட்ட விலக்கம்தானா?

மாதிரிகளில் அப்படித்தான், வாழ்க்கையில் அல்ல. திட்ட விலக்கம் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே தட்டில் வைக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்தை ஜூன் மாதத்தில் கட்ட வேண்டியவருக்கு, ஜூனில் பணம் குறைவாக இருப்பதே இடர். மார்கோவிட்ஸும் 1959இல் எழுதிய நூலில் சரிவுப் பக்கத்தை மட்டும் அளக்கும் அரைப் பரவற்படியைக் கருதிப் பார்த்தார். கணக்கிட எளிது என்பதால் திட்ட விலக்கம் நிலைத்துவிட்டது.

சிஏபிஎம் மாதிரி எதைச் சொல்கிறது? பீட்டா ஏன் தேவைப்பட்டது?

எல்லோரும் மார்கோவிட்ஸ் சொன்னபடியே நடந்தால் சந்தையில் விலைகள் எப்படி அமையும் என்பதே அடுத்து எழுந்த கேள்வி. வில்லியம் ஷார்ப் 1964இலும் ஜான் லிண்ட்னர் 1965இலும் தந்த விடைதான் சிஏபிஎம் என்று சுருக்கி அழைக்கப்படும் மூலதனச் சொத்து விலையிடல் மாதிரி. தனிநிறுவன இடரைச் செலவின்றிப் பரவலாக்கித் தொலைத்துவிடலாம் என்னும்போது, அதைச் சுமப்பவருக்குச் சந்தை ஏன் கூலி கொடுக்க வேண்டும்? கூலி உண்டு என்றால் அது சந்தை இடருக்கு மட்டுமே. ஒரு பங்கு சுமக்கும் சந்தை இடரின் அளவே பீட்டா.

இடரற்ற விகிதம் 7, சந்தையின் எதிர்பார்க்கும் வருமானம் 12, பீட்டா 1.3 என்றால் எதிர்பார்க்க வேண்டிய வருமானம் 7 + 1.3 × 5 = 13.5 சதவீதம். ஒரு நிறுவனத்தின் மூலதனச் செலவைக் கணக்கிட நடைமுறையில் இன்றும் பயன்படுவது இதுவே.

தனிநிறுவன இடருக்குப் பாடநூல்களில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் எடுத்துக்காட்டாக வரும். கணக்குகளைப் பொய்யாக எழுதியதாக அதன் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று கடிதம் கொடுத்ததும், பங்கின் விலை ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. ஆனால் அன்று சென்செக்ஸும் 7 சதவீத அளவுக்கு இறங்கியது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்ற நிறுவனங்களின் கணக்குகள் மீதும் ஐயம் பரவியதால், ஒரு நிறுவனத்தின் இடர் சந்தை இடராக வழிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு, கரும்பலகையில் வரையப்படும் அளவுக்கு நேரானதல்ல.

இந்தியாவில் இடரற்ற விகிதமாக எதை எடுத்துக்கொள்வது?

குறுகிய கால ஆய்வுக்கு 91 நாள் கருவூல உண்டியலின் ஈட்டம். நீண்ட காலத் திட்ட மதிப்பீட்டுக்கு 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டம். வங்கி வைப்பு வட்டியை எடுக்க வேண்டாம். எதை எடுத்தாலும், சந்தை மிகைவருமானத்தை (சந்தை வருமானத்திலிருந்து இடரற்ற விகிதத்தைக் கழித்தால் வருவதை) கணக்கிடவும் அதையே பயன்படுத்த வேண்டும்.

சிஏபிஎம் சோதனைகளில் தோற்றுவிட்டது என்கிறார்களே, பிறகு ஏன் கற்பிக்கிறார்கள்?

1977இல் சஞ்சய் பாசு, விலை-ஈட்ட விகிதம் குறைவாக உள்ள பங்குகள் பீட்டா விளக்கக்கூடிய அளவைவிட அதிக வருமானம் தந்ததைக் காட்டினார். 1992இல் யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும், நிறுவனத்தின் அளவையும் புத்தக மதிப்பு-சந்தை மதிப்பு விகிதத்தையும் கொண்டு பார்த்தால் பீட்டாவுக்குத் தனியாக விளக்கும் ஆற்றல் ஏதும் மிஞ்சவில்லை என்று எழுதினர். அடுத்த ஆண்டு மூன்று காரணி மாதிரியும், 2015இல் ஐந்து காரணி மாதிரியும் வந்தன. ஸ்டீபன் ராஸ் 1976இலேயே பல காரணிகளுக்கு இடம் தரும் ஆர்பிட்ரேஜ் விலையிடல் கோட்பாட்டை முன்வைத்திருந்தார். ஆனால் அந்தக் காரணிகள் எவை என்று அது சொல்வதில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான அடி ரிச்சர்ட் ரோல் 1977இல் கொடுத்தது. சிஏபிஎம் பேசும் 'சந்தைத் தொகுப்பு' என்பது பங்குகள் மட்டுமல்ல; நிலம், தங்கம், மனித உழைப்பாற்றல் உள்பட எல்லாச் செல்வமும் அதில் அடங்கும். அதை யாராலும் அளக்க முடியாது. அளக்க முடியாததைக் கொண்டு செய்யும் சோதனையால் மாதிரியை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இது இந்தியாவுக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழுவின் 2017ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 77 சதவீதம் நிலமும் வீடும், 11 சதவீதம் தங்கம், நிதிச் சொத்துகள் வெறும் 5 சதவீதம். இத்தகைய நாட்டில் நிஃப்டி 50ஐ மட்டும் 'சந்தை' என்று எடுத்து பீட்டா கணக்கிடும் மாணவர், எதை விட்டுவிட்டோம் என்பதை ஒரு வரியிலாவது குறிப்பிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கற்பிப்பதற்குக் காரணம், எந்த இடருக்குக் கூலி உண்டு என்ற கேள்வியை முதலில் சரியாகக் கேட்டது அதுதான். பின்வந்த மாதிரிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கே வேறு விடைகளைத் தேடுகின்றன.

சந்தை திறன்மிக்கது என்றால் பகுப்பாய்வாளர்கள் எதற்கு?

ஃபாமா 1970இல் தொகுத்த திறன்மிகு சந்தைக் கருதுகோள் மூன்று நிலைகளில் பேசுகிறது. முந்தைய விலைகள் அனைத்தும் இன்றைய விலையில் அடங்கிவிட்டன என்பது பலவீன நிலை. அது உண்மையானால் வரைபடம் பார்த்து லாபம் எடுக்க முடியாது. பொதுவெளியில் உள்ள தகவல் அனைத்தும் அடங்கிவிட்டது என்பது நடுநிலை; அது உண்மையானால் ஆண்டறிக்கையை அலசியும் பயனில்லை. உள்தகவலும் அடங்கிவிட்டது என்பது வலுநிலை. உள்தகவல் வணிகத்தைத் தடுக்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி தனி விதிமுறைகளே வைத்திருக்கிறது என்பதிலிருந்து இந்த மூன்றாவதை யாரும் முழுமையாக நம்பவில்லை என்று கொள்ளலாம்.

உங்கள் கேள்வியைத்தான் கிராஸ்மனும் ஸ்டிக்லிட்ஸும் 1980இல் கேட்டனர். விலையில் எல்லாமே அடங்கிவிட்டால் செலவழித்துத் தகவல் தேடுபவருக்கு லாபமில்லை. யாரும் தேடாவிட்டால் விலையில் எதுவும் அடங்காது. ஆகவே, தேடும் செலவை ஈடுகட்டும் அளவுக்கு விலையில் பிழை எப்போதும் இருந்தே ஆக வேண்டும்.

பிழை கண்ணெதிரே இருந்தும் திருந்தாமல் நிற்பதும் உண்டு. 2000 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீகாம் நிறுவனம் தன் துணை நிறுவனமான பாமின் சிறு பகுதியைப் பொதுமக்களுக்கு விற்றது. மீதிப் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே, ஒரு த்ரீகாம் பங்குக்கு ஏறத்தாழ ஒன்றரை பாம் பங்கு என்ற கணக்கில், பின்னர் தரப்போவதாக அறிவித்திருந்தது. முதல் நாள் முடிவில் பாம் பங்கு 95 டாலர். த்ரீகாம் பங்கோ 82 டாலர்தான். ஒன்றரைப் பாம் பங்கின் மதிப்பே 142 டாலருக்கு மேல் வரும்போது, அதைக் கையில் வைத்திருக்கும் தாய் நிறுவனத்தின் பங்கு 82 டாலருக்குக் கிடைத்தது! பாம் பங்குகளைக் கடனாகப் பெற்று விற்பது அரிதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்ததால், பெருக்கல் தெரிந்தவர்களாலும் அதைச் சரிசெய்ய இயலவில்லை. விலையை நேராக்கும் வணிகத்துக்கு எல்லை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

நடத்தைசார் நிதியியல், திறன்மிகு சந்தைக் கருதுகோளைப் பொய்யாக்கிவிட்டதா?

முதலீட்டு முடிவுகளில் மனிதர்கள் எப்படித் தவறுகிறார்கள் என்பதை ஆராய்வதே நடத்தைசார் நிதியியல். உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி ஆகியோரின் 1979ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றில் உறுதியாக 3,000 பெறுவதா, 80 சதவீத வாய்ப்பில் 4,000 பெறுவதா என்று கேட்டபோது, எதிர்பார்ப்பு மதிப்பு 3,200 ஆக இருந்தும், 80 சதவீதத்தினர் உறுதியான 3,000ஐத் தேர்ந்தனர். அதே எண்களை நட்டமாக மாற்றிக் கேட்டபோது 92 சதவீதத்தினர் 4,000 இழக்கும் சூதாட்டத்தைத் தேர்ந்தனர். லாபத்தில் அஞ்சுபவர்கள் நட்டத்தில் துணிகிறார்கள். லாபத்தில் உள்ள பங்கை அவசரமாக விற்பதும், நட்டத்தில் உள்ளதை "வாங்கின விலை வரட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் இதன் சந்தை வடிவம்.

ஆனால் மனிதர்கள் தவறு செய்கிறார்கள் என்பதால் சந்தையை எளிதில் வெல்லலாம் என்று ஆகிவிடாது. மேலே கண்ட பாம் பங்கு அதற்குச் சாட்சி. 2013இல் ஃபாமாவுக்கும், அவரோடு உடன்படாத ராபர்ட் ஷில்லருக்கும், லார்ஸ் ஹான்சனுக்கும் ஒரே நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டதைச் சிலர் கேலி செய்தனர். விலையைக் கணிப்பது கடினம், விலை சரியாக இருக்கிறது ஆகிய இரண்டும் வெவ்வேறு கூற்றுகள் என்பதைக் கவனித்தால் அதில் முரண்பாடு பெரிதாக இல்லை.

இண்டெக்ஸ் ஃபண்டா, மேலாளர் தேர்ந்தெடுக்கும் ஃபண்டா?

1991இல் ஷார்ப் எழுதிய வாதத்துக்குக் கூட்டல் கழித்தலே போதும். சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் பெறுவது சந்தைச் சராசரி. பங்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் செயல்முனைப்பு முதலீட்டாளர்கள் எல்லோரையும் சேர்த்தால் வருவதும் சந்தைதான். எனவே செலவுக்கு முன் அவர்களுடைய சராசரி சந்தைச் சராசரியே, செலவுக்குப் பின் அதற்குக் கீழே. சிலர் வெல்லலாம், சராசரி வெல்ல முடியாது. ஒரு லட்சம் ரூபாய் 12 சதவீதத்தில் 20 ஆண்டுகள் வளர்ந்தால் ஏறத்தாழ 9.65 லட்சம், ஒரு சதவீதம் கட்டணமாகப் போய் 11 சதவீதத்தில் வளர்ந்தால் 8.06 லட்சம். அந்த ஒரு சதவீதத்தின் விலை, முதலில் போட்ட தொகையைவிட அதிகம்.

ஜான் போகிள் 1976இல் பொதுமக்களுக்கான முதல் இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் எதிர்பார்த்து 1.13 கோடி டாலர் அளவுக்கே திரட்ட முடிந்தது. சராசரியை யார் விரும்புவார்கள் என்று அன்று சிரித்தவர்கள், ஷார்ப்பின் கூட்டலைப் போட்டுப் பார்க்கவில்லை.

மதிப்பு முதலீடு, உந்துவிசை முதலீடு இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்லவா?

மேலோட்டமாக ஆம். பெஞ்சமின் கிரகாம் வழிவந்த மதிப்பு முதலீட்டாளர், உள்ளார்ந்த மதிப்பைவிடப் போதிய அளவு விலை குறைந்த பங்கை, அதாவது பாதுகாப்பு இடைவெளி உள்ள பங்கை, வாங்குகிறார். நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993இல் ஆய்ந்த உந்துவிசை உத்தியோ, கடந்த 3 முதல் 12 மாதங்களில் ஏறியதையே வாங்கச் சொல்கிறது. காலவரம்பு வேறு என்பதால் இரண்டும் தத்தம் எல்லையில் உண்மையாக இருக்கலாம். இரண்டுக்கும் கெட்ட காலமும் உண்டு: 2010களில் அமெரிக்காவில் மதிப்புப் பங்குகள் பின்தங்கின, 2009 மார்ச்சில் சந்தை திரும்பி எழுந்தபோது உந்துவிசைத் தொகுப்புகள் கடுமையாக அடிபட்டன.

எஸ்ஐபி முறை வருமானத்தைக் கூட்டுமா?

மாதம் 10,000 ரூபாயை 100, 50, 100 என்ற விலைகளில் போட்டால் 400 அலகுகள் கிடைக்கும்; ஓர் அலகின் அடக்கவிலை 75 ரூபாய், சராசரி விலையோ 83.33 ரூபாய். இது கணிதம், எப்போதும் நடக்கும். ஆனால் இதனால் மொத்தமாகப் போடுவதைவிட லாபம் அதிகம் என்று முடிவுகட்டக் கூடாது. கையில் முழுத்தொகையும் இருக்கும்போது தவணையாகப் போடுவது உகந்த உத்தி அல்ல என்று கான்ஸ்டன்டினிடிஸ் 1979இலேயே காட்டினார். மாதச் சம்பளக்காரரிடம் முழுத்தொகை இருப்பதில்லை. அவருக்கு எஸ்ஐபி பொருந்துவது அந்தக் காரணத்தால்தான்.

நோபல் பரிசு பெற்றவர்களின் நிதியமே சரிந்துபோனது என்றால் கோட்பாடுகளை எப்படி நம்புவது?

1994இல் தொடங்கிய லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் நிதியத்தில் மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் பங்காளிகள். இருவரும் 1997இல் நோபல் பெற்றனர். ஒன்றுபோன்ற இரு பத்திரங்களுக்கிடையே உள்ள சிறு விலை வேறுபாடு சுருங்கும் என்பதே நிதியத்தின் பந்தயம். வேறுபாடு சிறியது என்பதால் சொந்தப் பணத்தைப் போல 25 மடங்கு அளவுக்குக் கடன் வாங்கி அதைப் பெருக்கினார்கள். 1998 ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தராது என்று அறிவித்ததும் வேறுபாடுகள் விரிந்தன. செப்டம்பரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஏற்பாட்டில் 14 நிறுவனங்கள் 360 கோடி டாலர் அளவுக்குப் போட்டு அதைக் கையிலெடுத்தன. வேறுபாடு என்றாவது சுருங்கும் என்ற கணிப்பில் பெரிய பிழை இல்லை. அதுவரை காத்திருக்கக் கடன் கொடுத்தவர் விடமாட்டார் என்பதே மாதிரியில் இல்லாதது.

படித்ததைச் சோதிக்க எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) வணிகத்தில் இறங்கலாமா?

வேண்டாம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் இப்பிரிவில் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஆப்ஷன் விலையிடலைக் கற்க எக்செல் தாள் போதும்.

திட்டக் கட்டுரைக்காக ஓர் உத்தியைப் பழைய தரவுகளில் சோதிக்கும்போது எங்கே தவறு நேரும்?

பெரும்பாலும் மூன்று இடங்களில். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துக்கொண்டு 15 ஆண்டுகள் பின்னோக்கிப் போவது முதலாவது: இடையில் வீழ்ந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை கணக்கிலேயே வராததால் எந்த உத்தியும் அழகாகத் தெரியும். அன்றன்று பட்டியலில் இருந்த நிறுவனங்களையே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, அன்று தெரியாத தகவலைப் பயன்படுத்துவது. மார்ச் 31இல் முடியும் ஆண்டின் ஈட்டத்தை வைத்து ஏப்ரல் 1 அன்று பங்கைத் தேர்ந்ததாகக் கணக்கிடுவார்கள். தணிக்கை செய்த முடிவுகளை வெளியிட நிறுவனங்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு என்பதால், ஜூன் மாதத்துக்கு முன் அந்த எண் கையில் இருந்ததாகக் கொள்ள முடியாது.

மூன்றாவதைக் கவனிப்பவர்கள் குறைவு. தொகுப்பின் வருமானத்தில் ஈவுத்தொகையைச் சேர்த்துவிட்டு, ஈவுத்தொகை சேராத நிஃப்டி விலைக் குறியீட்டோடு ஒப்பிடுகிறார்கள். பரஸ்பர நிதிகளும் நெடுங்காலம் இப்படித்தான் தம்மை ஒப்பிட்டுக் காட்டிவந்தன. 2018 பிப்ரவரி முதல் மொத்த வருமானக் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. இரண்டு குறியீடுகளுக்கும் இடையிலான வேறுபாடு ஆண்டுக்கு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். திட்டக் கட்டுரைகளில் கண்டுபிடிக்கப்படும் ஆல்ஃபாவும், அதாவது சந்தையைவிடக் கூடுதலாகக் கிடைத்ததாகச் சொல்லப்படும் வருமானமும், பல நேரங்களில் சரியாக அந்த அளவில்தான் இருக்கிறது.